சாட்சி சொல்லாத நோயாளிகள்: பத்து காஜா வட்டாரத்தில் அற்புதமும் விசுவாசமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி மாளிகையைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் அருகிலுள்ள மாரியம்மன் கோயிலையும் எட்டிப் பார்ப்பதுண்டு. அதன் கூரையில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார். தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் அவர்தான் என்பது ஊர் வழக்கு. 1915 வாக்கில் தொடங்கிய மாளிகை வேலையின்போது தொற்றுநோய் புகுந்து தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மடிந்தார்கள். மீந்தவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். துரையும் கட்டிக் கொடுத்தார். நோய் வந்தால் தெய்வத்திடம் போவது அந்த மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிராத பழக்கம்.

அந்தத் தொழிலாளர்களோடு அதே கப்பல்களில் வந்த கிறிஸ்தவத் தமிழர்களிடமும் அந்தப் பழக்கம் இருந்தது. பேராக்கில் அவர்களைத் தேடி வந்தவர்களில் முக்கியமானவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையின் பிரெஞ்சுக் குருக்கள். அவர்களில் ஒருவரான ரெனே ஃபே அடிகள் 1882-இல் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக சூசைப்பாளையம் என்ற குடியிருப்பை உருவாக்கினார். பத்து காஜாவின் ஆலயமும் சூசையப்பர் பெயரில்தான் இருக்கிறது. ஈப்போவின் சிலிபினில் தமிழர்கள் கூடிய ஆலயத்துக்கு லூர்து அன்னையின் பெயர். குணமளிக்கும் ஊற்றுக்கு உலகப் புகழ் பெற்ற ஊரின் பெயர், ஈயச் சுரங்கங்களுக்கும் கித்தா (ரப்பர்) தோட்டங்களுக்கும் நடுவே வந்து அமர்ந்துவிட்டது.

அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையில் மலேரியா கோரத்தாண்டவம் ஆடியது. கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-இல் சதுப்பு நிலங்களை வடிய வைத்து நோயைக் குறைத்துக் காட்டியிருந்தாலும், எல்லாத் தோட்ட நிர்வாகங்களும் அந்தச் செலவுக்கு உடனே முன்வரவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் கொடுக்கும் கொய்னா மருந்து ஒரு பக்கம், நேர்ச்சை இன்னொரு பக்கம். கத்தோலிக்கக் குடும்பங்கள் நேர்ந்துகொண்ட இடங்களில் தலையானது வடக்கே புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் புனித அன்னம்மாள் திருத்தலம். அங்குள்ள பழைய ஆலயம் 1888-இல் எழுந்தது. ஜூலை 26-ஐ ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு இன்றைக்கும் தமிழர், சீனர், இந்துக்கள், பௌத்தர்கள் என்று பெருங்கூட்டம் சேர்கிறது. மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நகரும் வரிசையும், ஊற்றுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் புட்டிகளில் பிடித்துக்கொண்டு போகிறவர்களும் ஆண்டுதோறும் காணும் காட்சி. 2019-இல் வத்திக்கான் அதைப் பேராலயமாக உயர்த்தியது.

நேர்ச்சை ஏறக்குறைய ஒரு கொடுக்கல் வாங்கல்தான். பிள்ளை பிழைத்தால் மொட்டை, கால் குணமானால் வெள்ளியில் ஒரு கால். வேளாங்கண்ணியில் இப்படிக் காணிக்கையாக வந்த வெள்ளிக் கண்களும் கைகளும் கால்களும் காட்சிக்கே வைக்கப்பட்டிருக்கின்றன. இதை மூட நம்பிக்கை என்று தள்ளுவது எளிது. அதில் ஒரு நல்ல குணமும் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. நேர்ந்துகொண்டும் பிள்ளை செத்துப்போனால், தாயைப் பார்த்து "உனக்கு விசுவாசம் போதாது" என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டவர் சித்தம் என்று சொல்லி, அடக்கத்துக்குக் கூடவே நடந்தார்கள்.

திருச்சபையின் மேலிடமோ அற்புதத்தைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்து வந்திருக்கிறது. பிற்காலத்தில் பதினான்காம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான லாம்பெர்த்தினி, 1730-களில் புனிதர் பட்ட விசாரணை குறித்து ஒரு பெருநூல் எழுதினார். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகத் தீரக்கூடியதாகவோ மருந்தால் தீர்ந்ததாகவோ இருக்கக்கூடாது. குணம் திடீரென்றும் முழுமையாகவும் வர வேண்டும், திரும்பி வரக்கூடாது. இந்த அளவுகோல் இன்றும் நடப்பில் இருக்கிறது. 1858-இல் காட்சி நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவக் குழு ஒன்று இயங்குகிறது. அங்கே பதிவான குணமடைதல்கள் 7,000-க்கும் மேல். 2025 வரை அற்புதம் என்று திருச்சபை ஒப்புக்கொண்டவை 72.

தமிழருக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். இரத்தசாட்சி என்பதால் 2012-இல் முத்திப்பேறு பெற அற்புதம் எதுவும் தேவைப்படவில்லை. புனிதராவதற்கு மட்டும் ஒன்று வேண்டியிருந்தது. கருவிலேயே உயிர்த்துடிப்பு நின்றதாகக் கருதப்பட்ட குழந்தை பிழைத்த நிகழ்வை விசாரித்து, 2020-இல் வத்திக்கான் ஏற்றது. 2022 மே 15-இல் அவர் புனிதரானார். வரிசையைக் கவனிக்க வேண்டும்: விசுவாசத்துக்காகச் செத்தது முதலில் வருகிறது, அற்புதம் இரண்டரை நூற்றாண்டு கழித்து வருகிறது.

புரோட்டஸ்டண்ட் தமிழரிடையே கதை வேறு. மெதடிஸ்டுகளும் லுத்தரன்களும் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும்தான் பெரிதாக நம்பினார்கள். அற்புதங்களை அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துபோனவையாகப் பார்த்தவர்களும் அவர்களிடையே உண்டு. அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் பெந்தெகொஸ்தேகாரர்கள். கேரளத்தில் பிறந்த பாஸ்டர் பால் 1924-இல் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் 1930-களில் மலாயாவுக்கும் வந்தது. வெள்ளை உடை, சபை இல்லத்தில் கூட்டு வாழ்க்கை, தெய்வீக சுகம் என்ற போதனை ஆகியவை அதன் அடையாளங்கள். அதன் ஊழியர்கள் மருந்தைத் தொடாமல் இருப்பதையே விசுவாசத்தின் வழியாகக் கொண்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தில் டிரெசரும் ஜெபமும் அண்ணன் தம்பியாக இருந்த நிலை மாறி எதிரெதிரே நிறுத்தப்பட்டது இங்கேதான்.

அடுத்த அலை ஒலிபெருக்கியோடு வந்தது. டி. ஜி. எஸ். தினகரன் 1973-இல் 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தைத் தொடங்கினார். அவருடைய கூட்டங்களும் ஒலிநாடாக்களும் கடல் தாண்டின. ஏறக்குறைய அதே காலத்தில் பேராக்கின் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியும் கரைந்துகொண்டிருந்தன. லயத்தோடு கோயிலும் டிரெசரும் தெரிந்த முகங்களும் போயின. பட்டணத்து ஓரத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்குக் கடை வரிசையின் மாடியில் நடந்த ஜெபக்கூட்டம் கைகொடுத்தது. நோயாளியின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள், தலையில் கைவைத்தார்கள், குடிப்பழக்கத்தை விட்டவரை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். தோட்டத்தில் வாயே திறக்காதிருந்த பெண் மைக்கைப் பிடித்துப் பேசினாள். இந்த நன்மைகளை ஒப்புக்கொள்ளாத எந்த விமர்சனமும் நேர்மையானதல்ல.

ஆனால் சாட்சி மேடையில் குணமானவர்களுக்குத்தான் இடம். குணமாகாதவரை என்ன செய்வது? நாசரேத்தில் மக்களின் அவிசுவாசத்தால் இயேசு பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை என்ற மாற்கு நற்செய்திப் பகுதியை எடுத்துக்கொண்டு, குறை நோயாளியிடம்தான் என்று தீர்ப்பெழுதிய பிரசங்கிகள் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்துக்கு அடையாளமானது. சுகம் வராதவருக்கு நோய் ஒரு பாரம், பழி இன்னொரு பாரம்.

இந்த வாதத்துக்கு, பத்து காஜாவும் ஈப்போவும் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கிலேயே பதில் இருக்கிறது. சிபில் கார்த்திகேசு 1899-இல் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். தாதி, மருத்துவச்சி, கான்டனீஸ் சரளமாகப் பேசிய யுரேசியக் கத்தோலிக்கப் பெண். கணவர் இலங்கைத் தமிழ் மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசு. 1919-இல் கோலாலம்பூரில் நடந்த திருமணத்துக்காக இந்து மதத்திலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர். ஈப்போ பிரூஸ்டர் சாலையில் இருவரும் மருத்துவமனை நடத்தினார்கள். ஜப்பானியர் குண்டு போட்ட பிறகு பத்து காஜாவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்ற சிற்றூருக்குப் போனார்கள். அங்கே 74-ஆம் எண் கடைவீட்டில் பகலில் ஊர்க்காரர்களுக்கு வைத்தியம். இரவில் பின்பக்கத்துக் காய்கறித் தோட்டம் வழியாக வரும் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் காயக்காரர்களுக்கு மருந்துக் கட்டு. ஒளித்து வைத்த வானொலியில் பிபிசி செய்தி.

1943-இல் சிபில் கைதானார். ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாயின் சித்திரவதையில் தண்ணீரைப் புகட்டினார்கள், முதுகெலும்பு உடையும்படி அடித்தார்கள். சின்னஞ்சிறு மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீமூட்டி மிரட்டினார்கள். சிபில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனையோடு பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945-இல் விடுதலையானபோது நடக்கும் நிலையில் இல்லை. பிரிட்டனுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூன் 12-இல், சித்திரவதையில் தாடையில் பட்ட பழைய காயம் சீழ்பிடித்து இறந்தார். மறு ஆண்டு உடல் ஈப்போவுக்கு வந்து, புனித மிக்கேல் ஆலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கமானது.

ஆண்டவரைப் பற்றிக்கொண்டே சிறையைத் தாங்கியவர் அவர். 1954-இல் வெளிவந்த நினைவுக்குறிப்பு அதைத் தெளிவாகக் காட்டுகிறது. எத்தனையோ பேரைக் குணப்படுத்திய கை அவருடையது; அவர் உடம்புக்கு மட்டும் குணம் கிடைக்கவில்லை. சாட்சி மேடைக் கணக்கின்படி பார்த்தால் அவர் விசுவாசத்தில் தோற்றவர். அப்படி ஒரு முடிவைத் தரும் கணக்கில்தான் பிழை இருக்கிறது.

வேதமும் இந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை. பவுல் தன் முள்ளை நீக்கும்படி மூன்று முறை மன்றாடியும் நீங்கவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் சொன்ன யோசனை கொஞ்சம் திராட்சரசம். பிறவிக்குருடன் விஷயத்தில் யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பியவன் ஒருவன். மற்ற ஒன்பது பேருக்கும் அற்புதம் நடக்கத்தான் செய்தது.

கத்தோலிக்கத் திருச்சபையும் தன் வழக்கங்களைத் திருத்திக்கொண்டது. அவஸ்தைப் பூசுதல் என்று மரணப் படுக்கைக்கு ஒதுக்கி வைத்திருந்த எண்ணெய், 1972-க்குப் பிறகு நோயில் பூசுதலாகக் கடும் நோயாளிகள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் முளைத்த அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கம் தமிழ்ப் பங்குகளிலும் பரவியது. குணமளிக்கும் வழிபாடுகளில் ஆர்ப்பாட்டமும் நாடகத்தனமும் கூடாது என்று 2000-இல் கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்ட அறிவுரை வந்தது. 2024 மே மாதம் வெளியான விதிகளோ காட்சிகளையும் அவை போன்ற நிகழ்வுகளையும் தெய்வீகமானவை என்று பொதுவாக அறிவிக்க வேண்டாம் என்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் கர்தினால் ஃபெர்னாண்டஸ் வேளாங்கண்ணி பற்றி எழுதிய கடிதம், அங்கே வரும் பிற மதத்தாரின் பக்தியை மதக் கலப்பு என்று பார்க்கக்கூடாது என்றது. கெல்லி மாளிகைத் தொழிலாளர்களின் சந்ததியாருக்கு அது புதுச் செய்தியல்ல.

இந்த வரலாற்றில் எழுதப்படாத பக்கம் ஒன்றுண்டு. குணமானவர்களின் சாட்சிகள் நன்றி அறிவிப்புகளிலும் ஒலிநாடாக்களிலும் ஏராளம். ஜெபித்தும் குணமாகாமல், விசுவாசத்தையும் விடாமல் வாழ்ந்தவர்களின் அனுபவங்களைக் கேட்டு எழுதியவர்கள் குறைவு. தோட்ட வாழ்க்கையை நேரில் கண்ட தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பேராக்கின் தமிழ்ச் சபைகள், கத்தோலிக்கமானாலும் பெந்தெகொஸ்தேயானாலும், அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதி வைக்க வேண்டும்; குணமானவர்களை மட்டுமல்ல, குணமாகாதவர்களையும்.