'தொடரும்' போட்ட காலம்

பி. ஆர். ராஜமய்யர் 1893-இல் விவேக சிந்தாமணி மாத இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு 21 வயது. 14 ஆண்டுகளுக்கு முன் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' முழுப் புத்தகமாகவே அச்சேறியிருந்தது. ராஜமய்யரின் கதையோ மாதாமாதம் கொஞ்சமாக வந்தது. முன்பாதியில் கதை நடக்கும் சிறுகுளம் என்ற ஊரின் வம்பும் வாய்ச்சண்டையும் துள்ளுகின்றன. பின்பாதி வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. எழுதியவரின் மனம் திரும்பிய பக்கம் கதையும் திரும்பியது. அச்சான அத்தியாயத்தை இழுத்துப் பிடித்துத் திருத்த வழி ஏது?

தொடர்கதைக்காரரின் தலைவலி இதுதான். முடிவு கைக்கு வருமுன்பே தொடக்கம் ஊரெல்லாம் படிக்கப்பட்டுவிடும்.

அந்தத் தலைவலியையே தொழில்நுட்பமாக்கியவர் கல்கி. ஆனந்த விகடனில் 1937-இல் 'கள்வனின் காதலி'யைத் தொடராக எழுதினார். அடுத்து 'தியாக பூமி'. கே. சுப்ரமணியம் அதைப் படமாக்கிக்கொண்டிருந்தபோதே விகடனில் தொடரும் வந்தது. ஓவியத்துக்குப் பதில் படத்தின் ஸ்டில்கள் அச்சாயின. தாம் எழுதும் பாத்திரத்தின் முகத்தை வாசகர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்ற நிலையில் ஓர் எழுத்தாளர் பேனா பிடிப்பது அன்றைக்குப் புதுசு.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் இறுதியில் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் ஓடியது. அதன் கட்டுமானத்தைப் பிரித்துப் பார்த்தால் வாரக் கெடுவின் கைரேகை தெரியும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனுக்குச் சோழநாடு புதிது, வாசகருக்கும் புதிது. அவன் ஒட்டுக்கேட்பதை நாமும் கேட்கிறோம், அவன் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம். இடையில் ஒரு வாரம் படிக்காதவரும் தொலைந்துபோகாமல் இருக்க, ஆசிரியரே குறுக்கே வந்து பழைய சங்கதியை நினைவூட்டுவார். புத்தகமாகப் படிப்பவருக்கு இது சில இடங்களில் வளவளப்பு. வாரப் பத்திரிகையில் அது வாசகருக்குச் செய்த மரியாதை.

வீடுகளில் பெண்கள் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்தார்கள். தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படத்தைத் திருப்பினால் பின்பக்கம் வேறு ஏதோ துணுக்கின் பாதி நிற்கும்.

கதையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை பட்டென்று சொல்லவில்லை. கதை முடிந்ததும் இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார். அதே 1954 டிசம்பரில் காலமானபோது, 'அமரதாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை முடித்தார்.

வாசகருக்கு இதமாக எழுதுவது ஒரு வழி. ஜெயகாந்தன் பிடித்தது வேறு வழி. 1966-இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், முன்பின் தெரியாத ஒருவனிடம் கெட்டுப்போய் மழையில் நனைந்து வரும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றிச் 'சுத்தம்' என்கிறாள் தாய். பெரிய சர்ச்சை எழுந்தது. அப்படி ஒரு தாய் இருப்பாளா என்று கேட்டவர்கள் பலர்.

ஜெயகாந்தன் கட்டுரையில் வாதாடியதோடு விடவில்லை. தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில் ஒரு தொடரை ஆரம்பித்தார். அதில் தாய் ஊர் கேட்கக் கதறிவிடுகிறாள். மகள் கங்காவின் வாழ்க்கை அங்கேயே முறிகிறது. பல வருஷம் கழித்து, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கங்காவின் கண்ணிலேயே படுகிறது. தன் தாய் செய்திருக்க வேண்டியதை அவள் கதையாகப் படிக்கிறாள். வாசகர் கேட்ட தாயைக் கொடுத்து, அவளால் என்ன விளையும் என்பதையும் வாசகர் தலையிலேயே கட்டினார். 1970-இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற பெயரில் புத்தகமான அந்தத் தொடருக்கு 1972-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.