டி.சி.-3: சிமுலேட்டரில் ஒரு பழைய விமானம்

டி.சி.-3 என்பது, அமெரிக்க தேசத்தின் கலிபோர்னியா மாகாணத்தில் ஸான்டா மோனிகா நகரில் டக்ளஸ் கம்பெனியாரால் நிர்மாணிக்கப்பெற்று, 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி முதன்முறையாக ஆகாயத்தில் எழும்பிய இரட்டை எஞ்சின் பிரயாணி விமானமாகும். யுத்த காலத்தில் ஸி-47 என்னும் பெயரில் சரக்கையும் சிப்பாய்களையும் சுமந்த வடிவங்களையும் சேர்த்தால், அமெரிக்காவில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டவை உருவாயின. அவற்றில் ஒன்றிலேனும் கால் வைத்திராத பலர், இன்று அதன் ஒவ்வொரு ஸ்விட்சையும் அறிந்திருப்பதற்குக் காரணம், வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் என்னும் சாதனமே.

புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1979-இல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட சிமுலேட்டரின் வமிசத்தில், 1982-இல் மைக்ரோஸாஃப்ட் நிறுவனத்தின் பெயரைத் தாங்கித் தோன்றிய மென்பொருள், 2003-இல் ரைட் சகோதரர்களின் சாதனைக்கு நூற்றாண்டு நிறைவதையொட்டிப் புதிய பதிப்பாக வந்தபோது, ஃபோர்டு டிரைமோட்டர், விக்கர்ஸ் விமி ஆகிய முதுபெரும் விமானங்களுடன் டி.சி.-3-ஐயும் கூடவே கொண்டுவந்தது. ஆயினும் அந்த விமானம் சற்று ஸாதுவானது. அதில் திருப்தியடையாத அபிமானிகள், தாமே வடித்தோ விலைக்கு வாங்கியோ, 'ஆட்-ஆன்' எனப்படும் சேர்ப்பு விமானங்களை நாடினர். பென்ஸில்வேனியாவின் ரெடிங் நகரிலுள்ள மிட்-அட்லாண்டிக் விமானக் காட்சிசாலையின் ஆதரவில், அங்குள்ள கடற்படை வடிவமான ஆர்4டி விமானத்தை முன்மாதிரியாகக் கொண்டு உருவான ஆட்-ஆன் இவ்வகையில் பெயர் பெற்றது.

மாற்றியமைக்கும் காரியம் பெரும்பாலோருக்கு வர்ணத்தில் தொடங்குகிறது. விமானத்தின் கோப்புறையில் 'டெக்ஸ்ச்சர்' என்று தொடங்கும் ஓர் உள்ளுறையைப் பிரதி எடுத்து, அதிலுள்ள படங்களின் மீது வேண்டிய கம்பெனியின் பட்டைகளையும் எழுத்துக்களையும் தீட்டி, பின்னர் 'ஏர்கிராஃப்ட்' என்ற பெயருடைய அமைப்புக் கோப்பில் அதற்கென ஒரு பகுதியைச் சேர்த்தால், புதிய வேஷம் பட்டியலில் இடம்பெறும். பழைய பதிப்புகளில் இப்பகுதிகள் பூஜ்யத்திலிருந்து வரிசையாக எண்ணிடப்பட வேண்டும். நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் அதற்குப் பின்னுள்ளவை யாவும் பட்டியலில் தோன்றா. இரண்டு வேஷங்களுக்கு ஒரே தலைப்பு இருத்தலும் ஆகாது.

வர்ணத்தை மாற்றுவது எளிது; ஸ்வபாவத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. எடை எங்கெங்கு எவ்வளவு, சக்கரங்கள் விமானத்தின் மையத்திலிருந்து எத்தனை அடி முன்னும் பின்னும் உள்ளன, எஞ்சினின் இழுப்பு மூக்கை எவ்வளவு திருப்பும் என்பன எல்லாம் அதே கோப்பில் வெறும் இலக்கங்களாக நிற்கின்றன. டி.சி.-3 வால்சக்கரத்தில் அமரும் விமானமாதலால், அதன் கனமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடுபாதையில் சிறிது திரும்பினாலும் அந்தத் திருப்பம் தானே பெருகத் தொடங்கும். வால்சக்கரத்துக்குரிய வரியில் திருப்பக் கோணம் 180 என்றிருந்தால் அது எத்திசையிலும் தன்னிச்சையாகச் சுழலும். அந்த இலக்கத்தைக் குறைத்துவிட்டால் விமானம் மோட்டார் காரைப்போல் சொன்னபடி கேட்கும். கேட்கும் என்பது மெய்யே. ஆனால் அப்போது ஓடுவது டி.சி.-3 ஆகாது. பழைய விமானத்தின் தொல்லைகளே அதன் லக்ஷணங்கள் என்பதால், அவற்றை நீக்கி அதைப் பழக்குபவர், எதற்காக அதைத் தேடி வந்தாரோ அதையே துடைத்தெறிகிறார். நிஜ விமானத்தின் கையேட்டிலுள்ள வேகத்தையும் தூரத்தையும் பாவனை விமானம் எட்டவில்லையெனில் இலக்கங்களைத் திருத்துவது நியாயம். இறங்குவது சிரமமாயிருக்கிறது என்பதற்காகத் திருத்துவது நியாயமன்று. இரண்டுக்கும் முன் மூலக் கோப்பின் பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஓட்டும் முறையில் பொறுமையே பிரதானம். யுத்தகாலத்திய பிராட் அண்டு விட்னி எஞ்சின், பதினான்கு ஸிலிண்டர்களும் 1,200 குதிரைசக்தியும் கொண்டது. நுணுக்கமான ஆட்-ஆன்களில் இதனை இயக்க, முதலில் ஒரு ஸ்விட்சால் ஸ்டார்ட்டரின் கனத்த சக்கரத்தைச் சுழலவிட்டு, அது வேகம் பிடித்த பின்னரே மற்றொரு ஸ்விட்சால் எஞ்சினுடன் அதைப் பிணைக்க வேண்டும். எண்ணெய் சூடேறுமுன் வேகத்தைக் கூட்டலாகாது. ஓடுபாதையில் நேராக நிறுத்தி வால்சக்கரத்தைப் பூட்டி, மேனிஃபோல்டு அழுத்தம் 48 அங்குலமும் நிமிஷத்துக்கு 2,700 சுற்றுக்களும் எட்டும்படி நெம்புகோல்களை நிதானமாக முன்தள்ளினால், மூக்கு இடப்புறம் விலக முயலும். வலக்காலால் சுக்கானை அழுத்தி அதைத் தடுக்க வேண்டும். சுக்கானைத் தானாக இயக்கும் 'ஆட்டோ ரட்டர்' என்னும் வசதியைத் திறந்து வைத்திருப்போர் இவ்வநுபவத்தை இழக்கின்றனர். மேலே ஏறிய பின் சக்தியைக் குறைத்தல், எரிபொருட் கலவையைத் தளர்த்தல், எஞ்சின் மூடியின் மடல்களைச் சரிசெய்தல் என்று கைக்கு ஏதேனும் ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். இறங்கும்போது பிரதான சக்கரங்களை மட்டும் முதலில் தரையில் பதித்து, வேகம் தணியத் தணிய வாலைத் தானே கீழிறங்க விடுவதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை.

எங்கே பறப்பது என்ற கேள்விக்குச் சரித்திரமே விடை தருகிறது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி இலங்கையின் ஏர் சிலோன் கம்பெனி தன் முதல் ஸர்வீஸை டி.சி.-3 கொண்டு, ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அந்த வர்ணத்தைத் தீட்டி, செயற்கைக்கோள் வழிகாட்டியை அணைத்துவிட்டு, காந்த ஊசியும் கடிகாரமும் கடற்கரைக் கோடுமே துணையாக அதே மார்க்கத்தில் செல்ல விரும்புவோர், முதற்பகுதி சுமார் 330 கிலோமீட்டரென்றும், பாக் ஜலஸந்திக்கு வடக்கே திறந்த கடலைக் கடக்கும் இரண்டாம் பகுதி சுமார் 355 கிலோமீட்டரென்றும் கணக்கிட்டுக்கொள்ளலாம். மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் பறக்கும் நேரம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். பக்கக்காற்று கடலின்மேல் விமானத்தை ஒதுக்கும் அளவை முன்கூட்டியே கணித்துத் திசையைத் திருத்திக்கொள்ளாவிட்டால், கரை தென்படும்போது அது சென்னையாக இராது.