தூங்குகிற களை விதை

பொம்மையார்பாளையத்துல ஈசிஆர் ரோட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே செம்மண் மேடு. மேட்டுல முந்திரி, மல்லாட்டை (அதாங்க நிலக்கடலை, எங்க பக்கம் இப்படித்தான் சொல்லுவோம்). அப்படியே வடக்கே போனா மரக்காணம் உப்பளம். பெய்யறது ஒரே மழைதான். ஆனா முதல் மழைக்கே மேட்டுல களை பச்சைன்னு எழும்பிடும், உப்பளத்து ஓரம் ஒண்ணும் அசையாது. ஏன்னு தேடப்போய்க் கிடைச்சதுதான் இந்தக் கதை.

களை விதை விழுந்த உடனே முளைச்சாகணும்னு இல்லை. தூங்கும். எவ்வளவு நாள்? மிச்சிகன்ல வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் 1879-ல 20 புட்டிகள்ல ஈர மணலோட விதைகளைக் கலந்து புதைச்சு வெச்சார். 2021-ல ஒரு புட்டியைத் தோண்டி விதைச்சாங்க. 142 வருசத்துக்கு அப்புறமும் சிலது முளைச்சுது! மிச்சம் நாலு புட்டி இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு.

உப்பு இந்தத் தூக்கத்தை நீட்டிக்கும். சுத்தி உப்புத் தண்ணி இருந்தா விதையால அதை உறிஞ்ச முடியாது. உமரியே வளர்ந்தப்புறம்தான் உப்பை நல்லாத் தாங்கும். விதை முளைக்கணும்னா ஐப்பசி, கார்த்திகை மழை வந்து உப்பைக் குறைக்கணும். 2004 டிசம்பர் 26 சுனாமியில நாகப்பட்டினம் பக்கம் வயலுக்குள்ள கடல் புகுந்தப்ப, நிலம் செத்துப்போச்சுன்னுதான் பலர் நினைச்சாங்க. படிஞ்ச சேத்தை வழிச்சாங்க, ஜிப்சம் போட்டாங்க, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதாங்க. 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து உப்பைக் கழுவிக்கிட்டுப் போச்சு.

செம்மண் மேட்டுல உப்பு இல்லை. அங்க எழுப்பி விடறது ஈரத்தோட வெளிச்சமும்தான். 1952-ல அமெரிக்காவுல போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழு லெட்டூஸ் கீரை விதையை வெச்சு இதைக் காட்டினாங்க. சிவப்பு ஒளி பட்டா முளைக்குது, உடனே தூரச்சிவப்பு ஒளி பட்டா திரும்பவும் தூங்கிடுது. ஏர் மண்ணைப் புரட்டும்போது கண்ணிமைக்கிற நேரம் வெயில் பட்டாலே பல களை விதைகளுக்குப் போதும். 1990 வாக்குல ஜெர்மனியில இருட்டுல உழுது பார்த்தாங்க, களை குறைஞ்சுது. பிறகு மத்த இடங்கள்ல செஞ்சப்ப ஒரே மாதிரி பலன் வரலை. நம்மூர்ல ராத்திரி ஏர் பூட்டினா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சேன், வேணாம் :-)

நெல்லுன்னா சேடை ஓட்டித் தண்ணி நிறுத்திடலாம். காத்து கிடைக்காம பல களை விதைங்க அடியிலேயே கிடக்கும். மல்லாட்டைக்கு அது முடியாது, தண்ணி நின்னா பயிர் வீணாயிடும். அதனால களைக்கொத்துதான். மூணாவது வாரம் ஒரு தடவை, ஆறாவது வாரம் மண் அணைக்கும்போது ஒரு தடவை. இதுல கொடுமை என்னன்னா, ஒவ்வொரு கொத்தும் அடியில தூங்குற புது விதைக்கு வெளிச்சம் காட்டுது. குனிஞ்சு வெட்டுற பொம்பளைங்க முதுகு என்னத்துக்கு ஆகும்? அதுக்கு மேல மண்ணைக் கிளறவும் முடியாது, மண்ணுக்குள்ள இறங்குற விழுது அறுந்து காய் பிடிக்காமப் போயிடும்.