பெப்பீஸின் பந்தயம்

நாட்குறிப்பால் நாமறிந்த சாமுவேல் பெப்பீஸ், 1693 நவம்பரில் ஐசக் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது சூதாட்டக் கணக்கு. 6 பகடைகளில் குறைந்தது ஓர் ஆறு, 12இல் இரண்டு, 18இல் மூன்று: எது விழ வாய்ப்பு மிகுதி? மூன்றாவதே என்பது பெப்பீஸின் எண்ணம். பந்தயம் கட்டவும் நினைத்திருந்தார்.

முதலாவதே என்றார் நியூட்டன். தோற்கும் வழிகளை எண்ணிக் கழிப்பதே முறை. 6 பகடைகள் விழும் வழிகள் 46,656. ஆறே விழாதவை 15,625. வெற்றி 66.5 விழுக்காடு. 12 பகடைகளிலோ ஒரே ஓர் ஆறு விழுவதும் தோல்விதான். அந்த ஒன்று எந்தப் பகடை என்பதற்கு 12 தேர்வுகள். எஞ்சுவது 61.9. பதினெட்டில் இரண்டைத் தெரியும் சேர்மானங்களே 153, வாய்ப்பு 59.7ஆகச் சரிகிறது. இன்று இது ஈருறுப்புப் பரவல். யாக்கோபு பெர்னூலியின் நூல் வந்ததோ 1713இல்தான்.

பெப்பீஸ் எளிதில் உடன்படவில்லை. அதில் நியாயமும் உண்டு: நியூட்டன் எண்களோடு சொன்ன சொல்விளக்கம் பிழையானது என 2006இல் ஸ்டீபன் ஸ்டிக்லர் காட்டினார். ஒருபக்கம் கனத்த பகடைகளானால் அதே விளக்கம் தவறான விடைக்கே இட்டுச்செல்லும்.