தையற்காரி சொன்ன குடும்பக் கதை

புற்றுநோய் சில குடும்பங்களில் தலைமுறை வழியாக வரும் என்பதை இன்று வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. இவ்வுண்மை நிலைபெற அடிகோலியவர்களுள் ஓர் ஏழைத் தையற்காரியும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

1895 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆபர் நகரில், நோயியல் அறிஞர் அல்டிரெட் வார்தினிடம் அப்பெண்மணி, தாம் இளமையிலேயே புற்றுநோயால் மடிவது உறுதி என்றார். உறவினர் பலர் குடலிலோ, இரைப்பையிலோ, கருப்பையிலோ புற்றுக் கண்டு மாண்டனர் என்பதே அவர் காட்டிய காரணம். வார்தின் அதனை வீண் அச்சமென ஒதுக்கினாரல்லர். அப்பெண்மணியின் துணையோடு குடும்ப விவரங்களைத் திரட்டி, 1913 இல் வெளியிட்டார். 1919 இல், நாற்பத்தாறாவது வயதில், அவர் கருப்பைப் புற்றுநோயாலேயே காலமானார்.

அவ்வாராய்ச்சி நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை. 1962 இல், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரில், ஹென்றி லிஞ்ச் என்னும் இளம் வைத்தியர் மிதமிஞ்சிக் குடித்த நோயாளி ஒருவரைக் கண்டார். தம் குடும்பத்தார் யாவரும் புற்றுநோயால் மாள்வதாகவும், தமக்கும் அதுவே முடிவு என்றும் அவர் கூறினார். லிஞ்ச் அக்குடும்பத்தை ஆராய்ந்து, இத்தகைய இரு குடும்பங்களின் வரலாற்றை 1966 இல் வெளியிட்டார். சூழலே புற்றுநோய்க்குக் காரணமெனக் கருதிய அறிஞர் பலர் அவரை ஐயுற்றனர். ஆராய்ச்சிக்குப் பொருளுதவியும் மறுக்கப்பட்டது. அவரோ தளரவில்லை. தையற்காரியின் குடும்பத்தையும் தேடித் தொடர்ந்து ஆராய்ந்தார்.

1993 இல் காரணம் துலங்கியது. உடற்கலம் பிரியுமுன், அதன் பரம்பரைப் பொருள் படியெடுக்கப்படுகின்றது. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோன் தவறுவதுபோல, அங்கும் பிழைகள் நேரும். அவற்றைத் திருத்துதற்கெனச் சில பரம்பரையலகுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுற்றால், பிழைகள் பெருகிப் புற்றுக்கு இடமாகும். பழுதுடைய பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேர்வதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. தையற்காரியின் குடும்பத்திலும் இப்பழுது இருந்தமை 2000 ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. இந்நிலை இன்று லிஞ்சின் பெயராலேயே வழங்குகின்றது.

பழுதைப் பெற்றோர் அனைவரும் நோயுறுவதில்லை. இரத்தப் பரிசோதனையால் அதனை முன்னறியலாம். பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் ஒழுங்காகச் சோதித்து, புற்றாக மாறக்கூடிய முளைகளை அகற்றவும் கூடும். தையற்காரிக்குக் கிட்டாத இவ்வாய்ப்பு இன்றுள்ளோர்க்குக் கிட்டியுள்ளது. ஆதலின், பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் எந்நோயால், எவ்வயதில் மறைந்தனர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைத்தல் நன்று. வைத்தியர் வினவும்பொழுது மறையாது கூறுதல் அதனினும் நன்று.