ஒரே ஒரு மெழுகுவர்த்தி: எம்.ஆர்.ஜேம்ஸ் வாசித்த பேய்க்கதைகள்

பேய்க்கதையைக் கண்ணால் படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பயம் வந்தால் நாலு வரியைத் தாண்டிவிடலாம். ரொம்பவே பயந்துபோனால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஆள் பிழைத்தானா இல்லையா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தொடரலாம். காதால் கேட்கும்போது இதெல்லாம் நடக்காது. வாசிப்பவர் எந்த வேகத்தில் போகிறாரோ அந்த வேகத்தில்தான் நாமும் போயாக வேண்டும். கதவுப் பக்கம் ஏதோ அசைந்தது என்று சொல்லிவிட்டு அவர் சாவகாசமாகப் பக்கத்தைத் திருப்பினால், அந்த இரண்டு விநாடி நம் கதி அதோகதிதான்.

ஆங்கிலப் பேய்க்கதையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இந்தக் 'கேட்கும்' பழக்கம் எவ்வளவு முக்கியமானது என்று தெரிகிறது. பல புகழ்பெற்ற கதைகள் அச்சுக்குப் போவதற்கு முன்பே யாரோ ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போயிருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 1816. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பலும் புகையும் வானத்தில் பரவியதில், ஐரோப்பாவில் அந்த வருடம் கோடையே சரியாக வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் டியோடாட்டி என்ற மாளிகையில் கவிஞர் பைரன், அவருடைய மருத்துவர் பாலிடோரி, ஷெல்லி, 18 வயது மேரி, மேரியின் சகோதரி முறையான கிளேர் எல்லோரும் மழைக்கு அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். பொழுது போக வேண்டுமே! ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று (1812-ல் வந்தது, பெயர் 'ஃபான்டாஸ்மகோரியானா') கையில் கிடைக்க, அதை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தார்கள். நாமும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதினால் என்ன என்று பைரன் கேட்டார். அதன் பலனாக 1818-ல் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' வந்தது. 1819-ல் பாலிடோரியின் 'தி வாம்பயர்' வந்தது. இன்றைக்குச் சினிமாவில் கோட்டு சூட்டு போட்டு வரும் ரத்தக்காட்டேரிகள் எல்லோருக்கும் அந்தக் கதைதான் கொள்ளுத்தாத்தா.

அடுத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1843 டிசம்பர் 19-ல் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வெளியானது. பேய் வந்து ஒரு கஞ்சனைத் திருத்தும் கதை. பத்து வருடம் கழித்து, 1853 டிசம்பரில், பர்மிங்காமில் நல்ல காரியத்துக்கு நிதி திரட்ட அதை மேடையில் வாசித்தார். கூட்டம் அலைமோதியது. 1858 முதல் டிக்கெட் போட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார். 1867-68-ல் அமெரிக்காவில் ஊர் ஊராக வாசித்ததில் மட்டும் சுமார் 19,000 பவுண்டு சம்பாதித்திருக்கிறார். ஏற்கனவே விற்றுத் தீர்ந்த சரக்கைத் தன் குரலால் மறுபடியும் விற்ற அந்தச் சாமர்த்தியத்துக்காகவே வணிகவியல் வகுப்பில் அவரை ஒரு பாடமாக வைக்கலாம்!

ஆனால் நான் சொல்ல வந்தது மூன்றாவது ஆளைப் பற்றி. இவர் டிக்கெட் போடவில்லை. மேடை ஏறவில்லை. பத்துப் பேர் உட்காரும் அறையில், நண்பர்களுக்கு மட்டும் வாசித்தார். பெயர் மாண்டேகு ரோட்ஸ் ஜேம்ஸ், சுருக்கமாக எம்.ஆர்.ஜேம்ஸ்.

யார் இவர்? 1862-ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ஈட்டன் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி. தொழிலால் எழுத்தாளர் கிடையாது. இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளைத் தேடிப் படித்து, எந்தச் சுவடி எந்த மடத்திலிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்று பட்டியல் போடுவதுதான் அவருடைய வேலை. கேம்பிரிட்ஜ் கல்லூரி நூலகங்களின் சுவடிப் பட்டியல்கள் பலவற்றைத் தயாரித்தவர் அவர். 1893 முதல் 1908 வரை ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தின் இயக்குநர். 1905-ல் கிங்ஸ் கல்லூரிக்கே தலைவர் ஆனார். இப்படிப்பட்ட மனிதர் பொழுதுபோக்காக எழுதிய முப்பது சொச்சம் கதைகள்தான் இன்றுவரை அவர் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. சுவடிப் பட்டியலை யார் வாங்கிப் படிக்கப் போகிறார்கள்?

தொடக்கம் 1893 அக்டோபர் 28, சனிக்கிழமை இரவு. கேம்பிரிட்ஜில் 'சிட்சாட் சொசைட்டி' என்று ஒரு சின்னச் சங்கம். அரட்டைச் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் முறை வைத்து ஏதாவது கட்டுரை வாசிக்க வேண்டும். அன்றைக்கு ஜேம்ஸ் இரண்டு பேய்க்கதைகளை வாசித்தார். ஒன்று, பிரான்ஸில் ஒரு பழைய தேவாலயத்துக்குப் போன ஆங்கிலேயர், அங்கே கிடைத்த ஒரு பழைய தொகுப்பு நூலை வாங்கி மாட்டிக்கொள்ளும் 'கேனன் ஆல்பெரிக்ஸ் ஸ்கிராப்-புக்'. இன்னொன்று, வயதான உறவினர் வீட்டுக்கு வளர வந்த ஒரு அநாதைச் சிறுவனின் கதையான 'லாஸ்ட் ஹார்ட்ஸ்'. கேட்டவர்களில் ஒருவர் ஈ.எஃப்.பென்சன். அவரும் பின்னாளில் பெயர்பெற்ற பேய்க்கதை எழுத்தாளர் ஆனார்.

பிறகு இது கிறிஸ்துமஸ் வழக்கமாக மாறியது. கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போகாத நண்பர்கள், பழைய மாணவர்கள் எல்லோரும் தேவாலய வழிபாடும் சாப்பாடும் முடிந்ததும் ஜேம்ஸின் அறையில் கூடுவார்கள். அவர் மட்டும் படுக்கையறைக்குள் இருப்பார். கடைசி நேரம் வரை கதையை எழுதிக்கொண்டிருப்பாராம். பிறகு காகிதக் கட்டுடன் வெளியே வந்து, எரிகிற மெழுகுவர்த்திகளை எல்லாம் ஊதி அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதன் பக்கத்தில் உட்காருவார். அவர் கையெழுத்து ஒருவருக்கும் புரியாது. அந்த அரை இருட்டில் அதை அவர் ஒருவரால்தான் வாசிக்க முடியும். அதோடு மற்றவர்களைப் போலப் பேசிக்காட்டுவதிலும் மனிதர் கெட்டிக்காரர். காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பின்னணி தெரிந்த பிறகு அவருடைய கதைகளைப் பார்த்தால், அவை எப்படிக் காதுக்காகவே கட்டப்பட்டிருக்கின்றன என்பது புரியும்.

முதல் விஷயம், கதைமாந்தர்கள். அவர் கதைகளில் பேயிடம் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், நூலகக்காரர்கள், பழம்பொருள் பைத்தியங்கள். அதாவது கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் போன்றவர்களேதான். 'ஓ, விசில், அண்ட் ஐ'ல் கம் டு யூ, மை லாட்' என்ற கதையில் வரும் பேராசிரியர் பார்க்கின்ஸ், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று அடித்துப் பேசும் இளைஞர். கோல்ஃப் ஆடக் கடற்கரை ஊருக்குப் போகிறார். இடிபாடுகளில் ஒரு பழைய ஊதல் கிடைக்கிறது. சும்மா இருக்காமல் ஊதியும் பார்க்கிறார். அவர் தங்கியிருக்கும் அறையில் இரண்டு கட்டில்கள். ஆள் ஒருவர்தான். மேற்கொண்டு நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த இரண்டாவது கட்டிலைப் பற்றிய தகவலை ஜேம்ஸ் எவ்வளவு சாதாரணமாகக் கதைக்குள் போட்டுவிட்டுப் போகிறார் என்பதைக் கவனியுங்கள். கேட்டுவிட்டு அவரவர் அறைக்குத் தனியாகத் தூங்கப் போனவர்களின் நிலைமை பரிதாபம்தான்.

இரண்டாவது, வேகம். 1924-ல் ஒரு பேய்க்கதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் தன் சூத்திரத்தை அவரே சொல்லியிருக்கிறார். முதலில் மாந்தர்கள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தங்கள் அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அந்த 'ஏதோ ஒன்று' மெல்லத் தலைகாட்ட வேண்டும். கடைசியில்தான் மேடையை முழுதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு அவர் பயன்படுத்திய சொல் 'கிரெசெண்டோ'. சங்கீதத்தில் ஓசை படிப்படியாக ஓங்குவதைக் குறிக்கும் சொல் அது. காதுக்கு எழுதுகிறவருக்குத்தான் அப்படிச் சொல் வரும் என்பது என் கட்சி.

'தி மெஸோடின்ட்' கதையில் இது அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்காக வாங்கிய ஒரு பழைய அச்சுப்படம். ஒரு பங்களா, முன்னால் புல்வெளி, நிலா வெளிச்சம், அவ்வளவுதான். முதலில் பார்க்கும்போது ஒன்றுமில்லை. அடுத்து பார்க்கும்போது ஓரத்தில் ஒரு தலை. பிறகு பார்த்தால் அது புல்வெளியில் வீட்டை நோக்கித் தவழ்ந்துகொண்டிருக்கிறது. படத்தைப் பார்ப்பதற்கு நடுநடுவே கல்லூரிக்காரர்கள் டீ குடிக்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். புத்தகத்தில் படித்தால் கண் தானாக அடுத்த பத்திக்கு ஓடி, படம் என்ன ஆயிற்று என்று பார்த்துவிடும். கேட்கும்போது அந்த டீயையும் நாம் குடித்து முடித்தாக வேண்டும்.

இவ்வளவு கதை வாசித்தும் ஜேம்ஸ் அவற்றைப் புத்தகமாகப் போட அவசரப்படவில்லை. அதற்குக் காரணமானவர் ஜேம்ஸ் மெக்பிரைட் என்ற இளம் நண்பர். மருத்துவம் படித்து, பிறகு ஓவியத்துக்கு மாறியவர். இருவரும் 1899-லும் 1900-லும் இன்னொரு நண்பரோடு டென்மார்க் சுற்றியிருக்கிறார்கள். விபோர்க் ஊர் விடுதியில் 12-க்கும் 14-க்கும் நடுவே இரவில் மட்டும் தோன்றும் ஒரு அறையைப் பற்றிய 'நம்பர் 13' கதை அந்த நாட்டில்தான் நடக்கிறது. மெக்பிரைட் இந்தக் கதைகளுக்குப் படம் வரைய ஆரம்பித்தார். நான்கு படங்கள் முடிந்திருந்த நிலையில், 1904-ல் இறந்துபோனார். அந்த நான்கு படங்களுக்காகவே ஜேம்ஸ் அந்த வருடம் 'கோஸ்ட் ஸ்டோரீஸ் ஆஃப் ஆன் ஆன்டிக்வரி' நூலை வெளியிட்டார். வேறு ஓவியரை வைத்து மீதியை நிரப்பவில்லை. தந்தை இறந்த பிறகு பிறந்த மெக்பிரைட்டின் மகளுக்குக் காப்பாளராகவும் இருந்தார். உலகமே பேய்க்கதைப் புத்தகமாகப் படித்தது, உண்மையில் ஒரு நண்பனுக்கு எழுப்பிய நடுகல்.

அடுத்த அடி 1914-ல் விழுந்தது. முதல் உலகப்போர் வெடித்தபோது ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இளைஞர்கள் படைக்குப் போக, கல்லூரிகள் காலியாயின. கிங்ஸ் கல்லூரி மாணவர்கள் பலர் திரும்பி வரவில்லை. மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார வேண்டிய தலைமுறையே குறைந்துபோனது. 1918-ல் ஜேம்ஸ் கிங்ஸை விட்டு ஈட்டன் பள்ளியின் தலைவராகப் போனார். அதே 1918 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் கிங்ஸ் தேவாலயத்தில் ஒன்பது வாசிப்புகளும் பாடல்களும் கொண்ட அந்தப் புகழ்பெற்ற வழிபாடு முதன்முதலாக நடந்தது. அதை அங்கே அறிமுகப்படுத்தியவர் போரில் படைக்குப் பாதிரியாராகப் போய்த் திரும்பிய எரிக் மில்னர்-வைட். இன்றைக்கும் வானொலியில் உலகம் முழுக்கக் கேட்கிறார்கள்.

ஜேம்ஸ் வாசிப்பதை விட்டுவிடவில்லை. 1927-ல், 65 வயதை நெருங்கும்போது, டார்செட் கடற்கரையில் வொர்பாரோ விரிகுடாவில் முகாம் போட்டிருந்த ஈட்டன் சாரணர்களுக்கு 'வெய்லிங் வெல்' கதையை நெருப்பின் முன்னால் வாசித்தார். கதை என்ன தெரியுமா? முகாமுக்கு வந்த ஒரு சாரணன், போகாதே என்று சொன்ன வயலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்வது! கதை நடக்கும் இடம் முகாமுக்குப் பக்கத்திலேயே என்பதால் சில பையன்களுக்கு அன்றிரவு சரியான தூக்கம் இல்லையாம். 1936-ல் ஜேம்ஸ் காலமானார்.

ஏன் இந்தக் கதைகளைக் கேட்க இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இதுதான். நிஜமான மரணம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். மெக்பிரைட்டுக்கும் கிங்ஸ் மாணவர்களுக்கும் அப்படித்தான் வந்தது. கதையில் வரும் பயத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதற்கு ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, நமக்குத் தெரிந்த ஒரு குரல் கடைசி வரை கூடவே வருகிறது. கதை முடிந்ததும் யாராவது விளக்கை ஏற்றுவார்கள், பக்கத்தில் எல்லோரும் இருப்பார்கள்.

ஜேம்ஸுக்குப் பிறகு பல குரல்கள் வந்துவிட்டன. 1986-ல் ராபர்ட் பவல் பிபிசி தொலைக்காட்சியில் இந்தக் கதைகளை வாசித்தார். 2000-ல் டிராகுலா புகழ் கிறிஸ்டோஃபர் லீ, ஜேம்ஸாகவே உட்கார்ந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொன்னார். சிறுவயதில் ஈட்டனுக்குத் தேர்வுக்குப் போனபோது ஜேம்ஸை நேரில் பார்த்ததாக லீ சொல்லியிருக்கிறார். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், 2005-ல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேட்க நினைப்பவர்கள் 'தி மெஸோடின்ட்'டில் ஆரம்பியுங்கள். பழைய நடை ஆங்கிலம் என்பதால் முதல் பத்து நிமிடம் கொஞ்சம் இழுவையாக இருக்கும். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், அந்த இழுவையில்தான் சூட்சுமம். இரண்டு கட்டில் உள்ள அறையில் தனியாக இருப்பவர்கள் மட்டும் 'விசில்' கதையைப் பகலில் கேட்பது நல்லது :-)

இன்னும் நல்லது, விடுதியில் நாலு பேராக உட்கார்ந்து, நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, விளக்குகளை அணைப்பது. ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.