திருநீறும் தீயும்

வெள்ளாற்றங்கரைப் புவனகிரியில் திருக்குட நன்னீராட்டுக் காணவரும் மெய்யன்பர் நெற்றியில் துலங்குவது திருநீறு. நோயற்ற பசுவின் சாணத்தை நிலத்தில் விழுமுன் தாமரையிலையில் ஏற்று, உருண்டையாக்கிச் சிவாக்கினியில் நீற்றுவது கற்பத் திருநீறு. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருநீறு பூசிப் பாண்டியனது வெப்புநோயைத் தீர்த்தருளிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறும்.

தீயிலிடாத பச்சைச் சாணமோ வேறு. நம் நாட்டில் சிலவிடங்களில் பிறந்த குழவியின் கொப்பூழில் அதனை இட்டமையால், அதிலுறையும் இரணசன்னிக் கிருமி புகுந்து மாண்ட சிசுக்கள் பல. தடுப்பூசியாலும் தூய பேறுகாலப் பணியாலும் 2015-இல் அந்நோய் மாவட்டந்தோறும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றினும் குறைந்தது.

அனலில் நீறிய சாம்பலில் அக்கிருமி எஞ்சாது. தீயிலிட்டுத் தூய்மை செய்த பின்னரே நம் முன்னோர் மேனியிற் பூசினர். அவ்வொழுங்கு பிறழாது, நெற்றிக்கு நீறணிக. புண்ணுக்கு மருத்துவரை நாடுக.

திருச்சிற்றம்பலம்.